மெடிக்கல் கடை அண்ணாச்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் பக்கத்து மெடிக்கல் கடை அண்ணாச்சிகளுக்கு வணக்கம்.

எங்கள் பெரியப்பாவுக்கு நாள்பட்ட ஹெப்படைட்டிஸ் பி, ஈரலைத் தாக்கும் வைரஸ் நோய். மடிப்பு கிழிந்து டேப் ஒட்டிய ஒரு சீட்டை நீட்டித்தான் லாமிவுடின் 100 மில்லிகிராம் மாத்திரையை வருஷக்கணக்காக வாங்கினார். காசு இருந்தால் முழு அட்டை, இல்லையென்றால் கத்திரியால் வெட்டிய நாலு மாத்திரை. சீட்டில் தேதி என்ன என்று கடையில் ஒருத்தரும் கேட்டதில்லை. போன வருஷம் ரத்தத்தில் வைரஸ் அளவைப் பார்த்தபோதுதான், மருந்துக்கு வைரஸ் அடங்கவில்லை என்று தெரிந்தது.

1998-ல் இந்த நோய்க்கு வந்தபோது லாமிவுடின் பெரிய மருந்துதான். ஆனால் வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது பிழை விட்டுக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு பிழை மருந்து போய் ஒட்டும் இடத்திலேயே விழுந்தால், மருந்து அங்கே பிடிக்காது. இதை மட்டும் தனியாகச் சாப்பிடுகிறவர்களில் ஒரு வருஷத்தில் நூற்றுக்கு இருபது பேர், ஐந்து வருஷத்தில் எழுபது பேர் வரை இந்த நிலைக்கு வருகிறார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டாலும் வரும். உடம்பும் ஒன்றும் காட்டாது. மாத்திரை சாப்பிடுகிறோமே என்ற தெம்பு வேறு. உள்ளே ஈரல் சுருங்கிக்கொண்டிருக்கும்.

சரி, அப்படியென்றால் புது மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடலாமே என்று நினைக்காதீர்கள். என்டெகாவிர் முதல்முறை சாப்பிடுகிறவருக்கு அருமையான மருந்து; ஐந்து வருஷத்தில் நூற்றில் ஒருவருக்குத்தான் வைரஸ் அந்த மருந்தை எதிர்த்து நிற்கிறது. லாமிவுடின் ஏற்கெனவே பலிக்காமல் போனவருக்கு அதுவே பாதிப் பேரிடம் தோற்கிறது. அவர்களுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் டெனோஃபோவிர்தான் எழுதுகிறார்கள். அதற்கும் சிறுநீரகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கவுன்டரில் முடிவு செய்கிற காரியம் இல்லை இது.

அதற்காக மாத்திரையே தரமாட்டேன் என்றும் சொல்லிவிடாதீர்கள், அது இன்னும் மோசம். திடீரென்று நிறுத்தினால் வைரஸ் கிளம்பி ஈரல் ஒரேயடியாகக் கெடலாம். எச்ஐவி கூட்டு மாத்திரையில் லாமிவுடின் இருப்பதும் வேறு கணக்கு. அதைச் சாப்பிடுகிறவர்களைப் பயமுறுத்த வேண்டாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். லாமிவுடின் மட்டும் எழுதிய பழைய சீட்டு வந்தால், மாத்திரையைக் கொடுங்கள். "வைரஸ் அளவு கடைசியா எப்ப பார்த்தீங்க?" என்று கேளுங்கள். அப்புறம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இந்த நோய்க்குச் சோதனையும் மாத்திரையும் இலவசம். எங்கள் பெரியப்பாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை.