தேரிக்காட்டிலிருந்து திரும்பி

அன்புள்ள செல்வி,

நலம். உன் நலமும் பிள்ளைகள் நலமும் அறிய ஆவல். பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதையெல்லாம் நேரில் வைத்துக்கொள்.

மே மாதம் முழுக்க உடன்குடியில் இருந்துவிட்டு முந்தாநாள் காலை தாம்பரத்தில் இறங்கினேன். செந்தூர் எக்ஸ்பிரஸில் எனக்கு என்றைக்குத் தூக்கம் வந்திருக்கிறது? இந்த முறை விழுப்புரம் தாண்டியதே தெரியவில்லை. கீழ்வீட்டு அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டார். பதநீர் என்றேன்.

விளையாட்டில்லை, செல்வி. தினமும் வெயில் ஏறுமுன் தேரிக்காட்டுக்கு நடந்துவிடுவேன். செம்மணலில் கால் புதையப் புதைய நடப்பதே ஒரு சுகம். அண்ணாச்சி அப்போதுதான் பனையிலிருந்து இறங்கிக்கொண்டிருப்பார். ஓலையை மடக்கிப் பட்டை பிடித்துத் தருவார். கலயத்திலிருந்து ஊற்றும்போது நுரை பட்டையின் ஓரத்தில் ஏறி நிற்கும். இளநுங்கு இரண்டைப் பெருவிரலால் நோண்டி உள்ளே போடுவார். பச்சை ஓலை வாசமும் சுண்ணாம்பின் இலேசான காரமும் சேர்ந்து தொண்டையில் இறங்கும்போது எனக்கு வயது ஒன்பதாகிவிடும். உன் நுங்கு வண்டியைக்கூட நினைத்தேன். கிணற்றுக் கதையை ஆச்சி இன்னும் மறக்கவில்லை!

ஆனால் அண்ணாச்சியைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். அவருக்கு அறுபத்தெட்டு வயது. நாம் சிறுமிகளாக இருந்தபோது நாற்பது பனை ஏறியவர், இந்த ஆண்டு பதினெட்டுதான். அதுவும் காலையும் மாலையும் ஏறியாக வேண்டும். ஒரு வேளை சீவாமல் விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும், காய்ச்சலென்று படுக்க முடியாது. நெஞ்சில் காய்ப்பு மரப்பட்டைபோல் இருக்கிறது. ஏறும்போது காலில் மாட்டும் தளைநாரைக் கழற்றிக்கொண்டே, "அடுத்த வருசம் பார்க்கலாம் தாயி" என்றார். மகன் திருப்பூரில். அவன் ஏற வேண்டாம் என்று சொன்னதே அண்ணாச்சிதான். அதில் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பத்து லிட்டர் பதநீரைச் சுண்டக் காய்ச்சினால் ஏறத்தாழ ஒரு கிலோ கருப்பட்டி. மதினி புகையில் கண் சிவந்து, பொங்கும்போது ஆமணக்கு விதையைத் தட்டிப்போட்டு, பாகு பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றுவதற்குள் நண்பகல் ஆகிவிடுகிறது. சந்தையிலோ சீனி கலந்ததை உடன்குடிக் கருப்பட்டி என்று குறைந்த விலைக்குத் தள்ளுகிறார்கள். இவர்களிடமும் அதே விலைக்குக் கேட்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது. கேட்ட விலையைக் கொடுத்துப் பத்து கிலோ வாங்கிவந்தேன்.

அடுத்த மே மாதம் நீயும் வர வேண்டும். பெங்களூரில் லீவு கிடைக்காது, பிள்ளைகளுக்கு வகுப்பு என்றெல்லாம் சொல்லாதே, இப்போதே எழுதிப் போடு. உன் மகள் ஒரு முறையாவது பட்டையில் குடிக்கட்டும். அண்ணாச்சி ஏறும்போதே வந்துவிடு.

உனக்குப் பார்சலில் மூன்று கிலோ கருப்பட்டி அனுப்பியிருக்கிறேன். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்காதே, கசிந்துவிடும். ஓலைப்பெட்டியோடு அடுப்படியில் உயரமாகத் தொங்கவிடு. சுக்குக் காப்பிக்கு ஒரு சில்லு போதும்.

அன்புடன்,
உன் வசந்தா