மலேசியாவின் குளுவாங்கிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கே எல்லோரும் நலம்தானே? போன மாதம் இரண்டு வாரம் போன் பண்ணாததற்குத் தோட்டத்தில் வேலை அதிகம் என்றேன். அது பொய். உடம்பு முடியாமல் கிடந்தேன். இப்போது தேவலை. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டோரோடு, அதாவது எங்கள் தோட்டத்துக் கங்காணியோடு, மெர்சிங் துறைக்குப் போய்ப் படகேறினோம். தியோமான் தீவைச் சுற்றி 2 கடல் மைலுக்குள் மீன்பிடிக்கத் தடை, அதனால் வெகுதூரம் தள்ளி ஒரு பாறைத்திட்டில் நங்கூரம் போட்டார்கள். பாமாயில் எடுக்கிற செம்பனைக் குலையை அண்ணாந்தே பார்த்துப் பழகிய கழுத்து, அன்று குனிந்து கடலைப் பார்த்தது. நம்ம ஊர் ஞாபகம் வந்துவிட்டது, அப்பா.

எனக்கு ஒரு களவா மாட்டியது. 6 கிலோ இருக்கும். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி செவுளைத் தூக்கிப் பார்த்தேன், ரத்தச் சிவப்பு. கண்ணும் பளிச்சென்று இருந்தது. ராத்திரி எங்கள் லயத்து வீட்டில் குழம்பு வைத்தோம். பிடித்தவனுக்குத்தான் என்று தலையையும் ஈரலையும் எனக்கே வைத்தார்கள்.

விடிவதற்குள் வாந்தி, வயிற்றுப்போக்கு. மறுநாள் உதடும் விரல்நுனியும் சுருசுருவென்றன. ஐஸ் தண்ணீர் டம்ளரைத் தொட்டால் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி சுட்டது. கையை உதறினேன், டம்ளர் உடைந்தது. குழாயடிக்குப் போகவே பயம்.

முதலில் பார்த்த கிளினிக்கில், கெட்டுப்போன மீன் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. அந்த மீன் கெடவில்லை அப்பா. அப்புறம் பார்த்த டாக்டர்தான் என்ன மீன், எந்தப் பாகம் என்று கேட்டார். சிகுவாட்டெரா என்றார். பவளப்பாறையில் ஒட்டி வளரும் கண்ணுக்குத் தெரியாத பாசியில் இருக்கிற நச்சாம். பாசி தின்கிற சின்ன மீனில் கொஞ்சம், அதைத் தின்கிற களவா, செப்பிலி, சீலாவில் சேர்ந்துகொண்டே போகும். தலை, ஈரல், சினையில்தான் அதிகம். கொதிக்க வைத்தாலும், ஐஸில் போட்டாலும், கருவாடாக்கினாலும் போகாது. வாடையும் வராது, ருசியும் மாறாது. முறிமருந்தும் கிடையாது. நம் செவுள் பார்க்கிற கணக்கு இதற்கு உதவாது.

இதை எழுதுவதே தங்கச்சிக்காகத்தான். அவளுக்கு இது ஆறாவது மாதம். அப்பத்தா தலைக்குழம்பு வைத்துக்கொடு என்பார். இந்த நச்சு வயிற்றுப் பிள்ளைக்கும் போகுமாம், தாய்ப்பாலிலும் வருமாம். நம் மன்னார் வளைகுடாவிலும் பவளப்பாறை உண்டு. பெரிய பாறை மீனின் தலை, ஈரல் எதையும் அவளுக்குக் கொடுக்க வேண்டாம். நெத்திலி, சாளை கொடுங்கள். நானும் பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் கெம்போங்தான் வாங்குகிறேன், நம்ம காணாங்கெளுத்தியேதான்.

இந்த மாதப் பணத்தைச் சம்பளம் வந்ததும் அனுப்புகிறேன். கடிதம் கிடைத்ததும் தங்கச்சியைப் பேசச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்