இடைவெளியைத் துடைக்கும் பாடத்தையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்காக உங்கள் பத்திரிகையில் வரும் பைதன் என்ற நிரல்மொழிப் பாடத்தை வாராவாரம் பார்க்கிறேன், நல்ல வேலை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளைப் பற்றி அதில் இன்னும் ஒரு வரியும் வரவில்லை.

கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் நாலைந்து பிள்ளைகள் வந்து நிரல் எழுதிப் பழகுகிறார்கள். போன மாதம் ஒரு தம்பி, பார்வைக்கு ஒரு பிழையும் இல்லாத நிரலோடு ஒன்றரை மணித்தியாலம் மல்லுக்கட்டினான். வரித் தொடக்கத்து இடைவெளி பாதி வரியில் அவன் டேப் விசையைத் தட்டி விட்டது, மீதி கூட்டாளியிடமிருந்து ஸ்பேஸோடு வந்தது. ஒரே பகுதிக்குள் இரண்டையும் கலந்துவிட்டால் பைதன் 3 ஓடவே ஓடாது.

சரி, இதைக் கையால் திருத்தத் தேவையில்லை, சின்ன ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கணினிக் கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு, போதும். ஃபைண்ட் (find) என்ற கட்டளை கோப்புகளைத் தேடிக் கொடுக்கும், செட் (sed) வரிக்கடைசியில் தொங்கும் இடைவெளியை வெட்டும், எக்ஸ்பாண்ட் (expand) டேப்பை ஸ்பேஸாக மாற்றும். எத்தனை ஸ்பேஸ் என்று சொல்லாவிட்டால் எக்ஸ்பாண்ட் 8 என்று எடுத்துக்கொள்ளும், பைதனில் வழக்கம் 4. அதோடு அது விடையைத் திரையில்தான் போடும், கோப்பை மாற்றாது. அந்த விடையை அதே கோப்புக்குள் திருப்பிவிட்டீர்களோ, எல்லாம் போச்சு, ஏனென்றால் கட்டளை ஓடத் தொடங்கும் முன்பே ஷெல் அந்தக் கோப்பை வெறுமையாக்கிவிடும். வேறு பெயரில் எழுதி, பார்த்துவிட்டு, அப்புறம் பெயரை மாற்ற வேண்டும்.

எல்லாக் கோப்பிலும் ஓட்டவும் கூடாது. நிரலைக் கட்டும் கட்டளைகளை எழுதிவைக்கும் மேக்ஃபைலில் (Makefile) கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும். எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் மார்க்டவுனில் (Markdown) வரிக்கடைசியில் இருக்கும் இரண்டு ஸ்பேஸ் அடுத்த வரிக்குப் போ என்று சொல்வதற்காகவே வைத்தது. படங்களையும், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (git) மென்பொருள் வைத்திருக்கும் மறைவான கோப்புறையையும் தொடவே வேண்டாம், பழுதாகிவிடும். பைதன் கோப்புகளை மட்டும் எடு என்று ஃபைண்டிடம் சொல்லிவிட்டால் இந்தப் பயம் இல்லை.

நான் ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்தபோது, இரண்டு வரித் திருத்தத்தையும் முழு நிரலின் இடைவெளித் துப்புரவையும் ஒரே கமிட்டில், அதாவது கிட்டில் ஒரே பதிவாக, அனுப்பினேன். பார்க்க வேண்டியவருக்கு நூற்றுக்கணக்கான வரிகள் மாறியதாகத் தெரிந்தது, அந்த இரண்டு வரியில் நான் விட்ட பிழை அதற்குள் ஒளிந்து வாடிக்கையாளர் வரை போய்விட்டது. அன்றிலிருந்து துப்புரவு தனிக் கமிட், திருத்தம் தனிக் கமிட். மாறிய வரிகளைக் காட்டும் கிட் டிஃப் (git diff) கட்டளையில் இடைவெளி மாற்றத்தை மறைத்துப் பார்க்கும் வசதியும் இருக்கிறது, பிள்ளைகளுக்கு அதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. உங்கள் பத்தி ஒடுக்கம், அதனால் அச்சில் நிரலின் உள்தள்ளல் குலைந்து வருகிறது, பிள்ளைகள் அதைப் பார்த்து அப்படியே தட்டுகிறார்கள். நிரலை மட்டுமாவது இரண்டு பத்தி அகலத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.