செயலரின் ஆண்டறிக்கை, 2024–25: பாட்டும் பிரசங்கமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பாளையங்கோட்டையிலும் சுற்றுவட்டாரச் சேகரங்களிலும் (ஒரு போதகரின் கீழ் உள்ள சபைகள்) இருந்து வந்திருக்கும் பாடகர் குழுவினர், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள், உதவிப் பிரசங்கிமார் ஆகிய சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் தோத்திரம்.

சென்ற ஆண்டுப் பொதுக்குழு முடியும் தறுவாயில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, “நம்ம கோயில்கள்ல பிரசங்கம் எங்கய்யா போச்சு?” என்று கேட்டது நினைவிருக்கும். அன்று நேரமில்லாததால் கேள்வியைப் புதிய செயற்குழுவிடம் ஒப்படைத்துக் கலைந்தோம். இந்த ஆண்டு நாங்கள் செய்த வேலை பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமைந்தது என்பதால், வழக்கமான நிகழ்ச்சி விவரங்களைச் சுருக்கிக்கொண்டு அதைப் பற்றியே விரிவாக எழுத அனுமதி கோருகிறேன்.

கேள்வி எழுந்த சூழ்நிலை நாம் எல்லோரும் அறிந்ததுதான். பெருமாள்புரம், மகாராஜநகர் பக்கம் புதிய குடியிருப்புகள் பெருகியபோது, சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்துத் திரும்பிய இளம் குடும்பங்கள் பல, தங்கள் பாட்டனார் காலத்துச் சேகரத்துக்குத் திரும்பாமல் கல்யாண மண்டபங்களில் கூடும் சுயாதீன சபைகளுக்குப் போகத் தொடங்கின. அவர்களைத் திரும்ப அழைக்கவும், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறக்காமல் புதிதாக வருகிறவர்களை வரவேற்கவும், நம் சேகரங்களும் வாலிபர் ஆராதனை என்ற பெயரில் கீபோர்டும் டிரம்ஸும் திரையும் கொண்ட இரண்டாவது ஆராதனையை ஏற்படுத்தின. அதில் பிரசங்கம் முதலில் ‘செய்தி’யாகி, பிறகு பத்து நிமிடச் ‘சிந்தனை’யாகி, சில ஞாயிறுகளில் ‘இன்று முழுவதும் துதி ஆராதனை’ என்ற அறிவிப்போடு இல்லாமலே போய்விட்டது. 1950இல் தென்னிந்தியத் திருச்சபை முதன்முதலில் வெளியிட்ட திருவிருந்து ஆராதனை முறையில் பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம் என்று மூன்று வாசிப்புகளும் அவற்றை ஒட்டியே பிரசங்கமும் வைக்கப்பட்டது, வாசித்ததை விளக்காமல் மக்களைப் பந்திக்கு அழைக்கக் கூடாது என்ற எண்ணத்தினால்தான். அந்த ஒழுங்கில் வளர்ந்த நமக்கு இந்த மாற்றம் உறுத்தியதில் வியப்பில்லை.

ஆனாலும் உறுத்தலை மட்டும் வைத்துக்கொண்டு தீர்மானம் போடக் கூடாது என்று தலைவர் உறுதியாக நின்றார். அதனால் உறுப்பினர்கள் இருவர் இருவராகப் பல ஆராதனைகளுக்குச் சென்று, பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்துவிட்டு வந்தோம். நான் சென்ற ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மறைத்து, விளக்குகளை அணைத்துவிட்டு மேடைக்கு மட்டும் நீல வெளிச்சம் விட்டிருந்தார்கள். பாட்டு ஐம்பத்தைந்து நிமிடம், செய்தி பதினொரு நிமிடம். ஆதார வசனம் திரையில் தோன்றி, நான் வேதப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டி எடுப்பதற்குள் மறைந்துவிட்டது. என் அருகில் நின்ற வாலிபன் ஒருவன் கண்களை மூடிக் கன்னத்தில் நீர் வழியப் பாடிக்கொண்டிருந்தான். விசாரித்தபோது கோயிலுக்கு வந்து மூன்றாவது வாரம்தான் ஆகிறது என்றான். அந்தக் கண்ணீரைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. அவனை உள்ளே கொண்டுவந்தது அந்தப் பாட்டுதான் என்பதை இந்த அறிக்கையில் பதிவு செய்வது என் கடமை.

நம் உதவிப் பிரசங்கிமாரில் ஒருவருக்கு நேர்ந்ததையும் பதிவு செய்கிறேன். ஒரு சேகரத்தில் ஞாயிறு மாலை பிரசங்கிக்க அவருக்குத் தவணை கொடுத்திருந்தார்கள். திருச்சபை நாட்காட்டியாகிய அல்மனாக்கில் அந்த நாளுக்குக் குறித்திருந்த வேதபகுதியை இரண்டு வாரம் படித்து, நோட்டில் எழுதி, திருத்தி எடுத்துப் போயிருந்தார். பாட்டு நீண்டு போக, ஒருவர் மெல்ல அருகில் வந்து, “அண்ணாச்சி, எட்டு நிமிஷத்துல முடிச்சிருங்க” என்றார். அவர் வசனத்தை வாசித்து, ஜெபித்து, இறங்கி வந்துவிட்டார். கோபத்தில் இல்லை, எட்டு நிமிடத்துக்குள் எதைச் சொல்வது என்று தெரியாமல்தான் அப்படிச் செய்ததாகக் கூட்டத்தில் சொன்னபோது, அவர் கையில் அந்த நோட்டு இருந்தது.

இதற்கெல்லாம் பாட்டுக்காரர்களை மட்டும் பொறுப்பாக்கினால் அது நேர்மையாகாது. பிரசங்கபீடம் தன் மதிப்பைத் தானே இழந்த கதையும் உண்டு. பழைய குறிப்பையே ஆண்டுதோறும் வாசித்தவர்கள், வேதபகுதியை விட்டுவிட்டுக் காணிக்கை குறைந்ததைப் பற்றியே அரைமணி நேரம் பேசியவர்கள், தேர்தல் காலங்களில் பீடத்திலிருந்து ஒரு பக்கம் சார்ந்து பேசியவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் ‘பிரசங்கம்’ என்ற சொல்லை வாலிபர்களின் காதில் சலிப்பான சொல்லாக்கினோம். ‘ஆக்கினோம்’ என்று நம்மையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வெளிநாட்டில் இந்த முறையால்தானே பெரிய சபைகள் வளர்ந்தன என்ற வாதத்தையும் செயற்குழு எடுத்துப் பார்த்தது. அமெரிக்காவில் சிக்காகோவுக்கு அருகே 1975இல் தொடங்கிய வில்லோ கிரீக் சபை, கோயிலுக்குப் போகாதவர்களை மனத்தில் வைத்தே இசையும் நாடகமும் கொண்ட ஆராதனையை அமைத்துப் பெரிதாக வளர்ந்தது உண்மை. அதே சபை பிற்பாடு தன் மக்களிடமே ஆய்வு நடத்தி, நிகழ்ச்சிகளில் பங்கேற்பது கூடியதால் மட்டும் ஆவிக்குரிய வளர்ச்சி உண்டாகவில்லை என்று 2007இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டதும் உண்மை. அவர்கள் முறையைப் பின்பற்ற விரும்புகிறவர்கள் அந்த ஒப்புதலையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நமக்குச் சிக்காகோவைவிட நம் ஊர் வரலாறே அதிகம் கற்றுக்கொடுத்தது. நம் கீர்த்தனைகளின் தகப்பனாகிய வேதநாயக சாஸ்திரியார் 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே ஜெர்மன் மிஷனரியான ஷ்வார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். 1820களில் தஞ்சையில் புதிய மிஷனரிமாருக்கும் அவருக்கும் ஏற்பட்ட பெரும் பிணக்கில், ஆராதனையில் தமிழ்க் கீர்த்தனை பாடுவதற்கு விதிக்கப்பட்ட தடையும் ஒரு காரணமாக இருந்தது. அந்தப் பிணக்கில் சாதி வேறுபாட்டை அவர் விட்டுக்கொடுக்க மறுத்ததும் சேர்ந்திருந்தது, அதை நாம் நியாயப்படுத்த முடியாது. ஆனால் பாட்டு விஷயத்தில் நாம் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. இன்று நாம் பாரம்பரியம் என்று கட்டிக் காக்கிற கீர்த்தனையே ஒரு காலத்தில் ‘ஆராதனைக்கு ஆகாத புது இசை’ என்று வெளியே நிறுத்தப்பட்டது. ஆகவே கிதாரைப் பார்த்த உடனே முகத்தைச் சுளிக்க நமக்கு உரிமை குறைவு.

அப்படியானால் இழந்தது எது? இதற்கு விடை நமக்குக் கிடைத்த விதத்தைச் சொல்லுகிறேன். ஆகஸ்ட் மாதக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆர்மோனியக் கலைஞரான நம் உறுப்பினர் ஒரு பழைய கீர்த்தனையை எல்லாச் சரணங்களோடும் பாடிக் காட்டினார். பல்லவியில் ஓர் அழைப்பு, அனுபல்லவியில் அதற்குக் காரணம், பிறகு சரணம் சரணமாக ஏதேன் தோட்டத்திலிருந்து கல்வாரி வரை கதை நடந்து போனது. அந்தப் பாட்டைச் சிறுவயது முதல் பாடிவரும் எங்களில் பலருக்கு மூன்றாம் சரணத்துக்கு மேல் வார்த்தைகளே தெரியவில்லை. நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக ‘ஒன்று, இரண்டு, கடைசி’ என்று பாடி வந்ததால், நடுவில் இருந்த உபதேசம் எங்கள் தலைமுறையிலேயே உதிர்ந்துவிட்டது. பெரியவர் ஆர்மோனியத்தை மூடிவிட்டு, “பல்லவிய மட்டும் பாடுறது, இலைல சோத்த வச்சிட்டு குழம்பு ஊத்தாமப் போறது மாதிரிடே” என்றார்.

எங்கள் செயற்குழுவின் துணிபு இதுதான்: பிரசங்கத்தைப் பாட்டு வந்து தள்ளிவிடவில்லை, பாட்டுக்குள்ளேயே இருந்த பிரசங்கத்தை நாம் முதலில் வெட்டி எறிந்தோம், பீடத்தில் இருந்தது சுருங்கியது அதற்குப் பிறகுதான் நடந்தது. பவுல் கொலோசெயருக்கு எழுதும்போது சங்கீதம், கீர்த்தனை, ஞானப்பாட்டு ஆகிய மூன்றையும் ஒருவருக்கொருவர் போதித்துப் புத்திசொல்லும் வழியாகவே குறிப்பிடுகிறார். போதிக்காத பாட்டு பழையதானாலும் புதியதானாலும் அந்த வேலையைச் செய்வதில்லை. புதிய பாடல்களில் இரண்டு வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவதைக் குறை சொல்லும் நாமே, பழைய பாடல்களையும் இரண்டு வரியாக்கி வைத்திருந்தோம்.

புதிதாக வருகிறவர்களுக்கு இதனால் நேருவது என்ன என்பதை ஒரு பெண்மணியின் கேள்வி எங்களுக்குக் காட்டியது. வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவர்; பாட்டுக்காகவே எட்டு மாதமாக ஒரு வாலிபர் ஆராதனைக்கு வந்துகொண்டிருந்தார். நம் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஒருவரிடம் தயங்கித் தயங்கி, “அக்கா, பாட்டுல வருதே எபிநேசர், அது யாருக்கா? எங்க தெருவுல ஒரு எபிநேசர் அண்ணாச்சி இருக்காவ, அவுக பேரத்தான் எனக்குத் தெரியும்” என்று கேட்டார். எட்டு மாதம் கைதட்டிப் பாடிய சொல்லுக்குப் பொருள் சொல்ல அந்த ஆராதனையில் யாருக்கும் நேரம் இருந்ததில்லை. ஆசிரியை அவரை அங்கேயே படிக்கட்டில் உட்காரவைத்து, முதலாம் சாமுவேல் ஏழாம் அதிகாரத்தைத் திறந்து, அது ஆளின் பெயரல்ல, மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவே சாமுவேல் நிறுத்திய கல்லின் பெயர் என்றும், ‘இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்’ என்று சொல்லி அதற்குப் பெயரிட்டார் என்றும் வாசித்துக் காட்டினார். அடுத்த வாரம் அந்தப் பெண்மணி கேட்ட கேள்விதான் என்னை இன்னும் விடவில்லை: “அந்தக் கல்ல வைக்கதுக்கு முன்னால அவங்களுக்கு என்னக்கா நடந்துச்சி?” அதற்கு விடை நான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. வேதத்தில் எபெனேசர் என்று எழுதியிருக்கும் அதே பெயருள்ள இடத்தில் பாளயம் இறங்கித்தான் இஸ்ரவேலர் பெலிஸ்தரிடம் தோற்றார்கள், உடன்படிக்கைப் பெட்டியையும் பறிகொடுத்தார்கள். தோற்ற இடத்தின் பெயரையே உதவி பெற்ற இடத்துக்கும் வைத்தார்கள் என்று ஆசிரியை சொல்லச் சொல்ல, அந்தப் படிக்கட்டிலேயே ஒரு முழுப் பிரசங்கம் நடந்தது. புதியவர்களுக்குப் பிரசங்கம் பிடிக்காது என்பது நாம் அவர்களிடம் கேட்காமலே செய்துகொண்ட முடிவு.

இந்த அனுபவங்களை வைத்து அக்டோபர் முதல் மாதம் ஒருமுறை ஒரு மாலைக் கூட்டம் நடத்தினோம். முறை புதிதல்ல, நம் கதாகாலட்சேபக்காரர்களின் முறைதான்: ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சரணத்துக்கும் முன் அதன் வேதபகுதியை ஒருவர் ஐந்து நிமிடம் விளக்க, பிறகு எல்லோரும் அந்தச் சரணத்தைப் பாடுவது. முதல் கூட்டம் சரியாக அமையவில்லை. அன்று மழை, வந்தவர்கள் சிலரே. விளக்க வந்த நண்பர் முதல் சரணத்துக்கு முன்பே இருபத்தைந்து நிமிடம் பேசிவிட்டதால், பிள்ளைகள் பாயிலேயே தூங்கிப்போனார்கள். இரண்டாம் கூட்டம் முதல் மேசைமேல் கடிகாரம் வைத்தோம். டிசம்பர் மாதம் கேரல் பவனிகளுக்கு வழிவிட்டுக் கூட்டம் வைக்கவில்லை. ஜனவரிக்குப் பிறகு வாலிபர் ஆராதனையில் கீபோர்டு வாசிக்கும் தம்பிமார் மூவர் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள். அதில் ஒருவர் ஆர்மோனியப் பெரியவரிடம் வாரம் இருமுறை போய், ‘தாத்தா, இந்த வளைவு கீபோர்டுல வரமாட்டேங்குதே’ என்று கேட்டுக் கேட்டு மோகன ராகத்தையும் ஆனந்த பைரவியையும் பழகி வருகிறார். அவருடைய குழு, தாங்கள் பாடும் புதிய பாடல் ஒன்றுக்கு 121ஆம் சங்கீதத்திலிருந்து நான்கு சரணங்கள் எழுதிக் கொண்டுவந்தது. மொழியில் சில திருத்தங்கள் செய்ய வேண்டியிருந்தது. கருத்தில் ஒன்றும் திருத்த வேண்டியிருக்கவில்லை என்று அவற்றைப் பார்வையிட்ட போதகர் ஐயரவர்கள் எழுதி அனுப்பினார்கள்.

நிதிநிலையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆர்மோனியத்தின் துருத்தியைப் பழுதுபார்த்த செலவும் சரணப் பிரதிகள் அச்சிட்ட செலவும் சந்தாவுக்குள் அடங்கின என்பதை மட்டும் தெரிவிக்கிறேன். இந்த ஆண்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்த உறுப்பினர் இருவரின் குடும்பத்தாருக்கும் சங்கத்தின் ஆறுதலைத் தெரிவித்திருக்கிறோம்.

வரும் ஆண்டுக்கு மூன்று காரியங்களைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். சேகரக் கமிட்டிகளுக்கு நாம் எழுதப்போகும் கடிதத்தில், இசைக்கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல், எந்த ஆராதனையானாலும் வாசித்த வேதபகுதியை விளக்க இருபது நிமிடத்துக்குக் குறையாமல் ஒதுக்கும்படி மட்டும் கேட்க வேண்டும். நம் உதவிப் பிரசங்கிமார் மாதம் ஒரு சனிக்கிழமை கூடி, மறுநாள் பேசப்போவதை ஒருவர் முன் ஒருவர் பேசிக் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். நாம் கேட்டுப் பெறும் இருபது நிமிடத்துக்குத் தகுதியாக ஆயத்தப்படாவிட்டால் கேட்பதற்கு நமக்கு முகம் இருக்காது. ஓய்வுநாள் பள்ளிகளில் பிள்ளைகள் ஆண்டுக்கு நான்கு கீர்த்தனைகளையாவது எல்லாச் சரணங்களோடும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

எட்டு நிமிடத்தில் இறங்கி வந்த நம் நண்பர், அன்று பேசாத பிரசங்கத்தை முழுமையாகப் பேச வரும் சனிக்கிழமை முதல் தவணையை அவருக்கே கொடுத்திருக்கிறோம். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் அந்தச் சகோதரி கடை அடைத்து வருவதற்கு வசதியாகக் கூட்டம் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கும். உறுப்பினர்கள் வேதப்புத்தகமும் கீர்த்தனைப் புத்தகமும் கொண்டுவரும்படி கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஏற்புக்கு வைக்கிறேன்.

செயலர்