பாடத்துக்குக் கீழே ஓடும் இசை: அசைபடம் செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

மலையகப் பிள்ளைகளுக்காக இணையத்தில் பாட அசைபடங்கள் செய்யும் ஆசிரியர்களுக்கும், அவர்களுக்குக் கைகொடுக்கும் தம்பி தங்கச்சிமாருக்கும் வணக்கம்.

உங்கள் படங்களில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. தென்மேற்குக் காற்று ஹட்டன் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு பதுளைப் பக்கம் காய்ந்துபோய் இறங்குவதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. என் மனத்தாங்கல் அதற்குக் கீழே ஓடும் இசையைப் பற்றியது. மலை நம்முடையது, லயத்து வரிசை வீடு நம்முடையது, கொழுந்துக் கூடையும் நம்முடையது. இசை மட்டும் யாரோ சவர்க்கார விளம்பரத்துக்கு அடித்த கிட்டார் மாதிரி இருக்கிறது. அதுவும் சில விநாடிக்கொரு தடவை விக்குகிறது.

விக்கலுக்குக் காரணம் இருக்கிறது. எம்பி3 ஆக்கும்போது ஒலி 1,152 மாதிரிகள் (ஒலியலையின் நுண்ணிய அளவீடுகள்) கொண்ட துண்டுகளாக அடுக்கப்படுகிறது. முன்னும் பின்னும் கொஞ்சம் வெறும் அமைதி ஒட்டிக்கொள்கிறது. பாட்டாக ஒருமுறை கேட்டால் தெரியாது. திரும்பத் திரும்ப ஓடவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் கால் தடுக்கும். சுருக்காத வேவ் கோப்பில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் 8 விநாடி ஸ்டீரியோ வேவ் ஏறத்தாழ 1.4 மெகாபைட். அம்மாவின் போனுக்கு ரீலோட் போட்டுப் படிக்கிற பிள்ளையிடம் அதைக் கேட்பது நியாயமில்லை.

இதற்கு ஒரு வழி சொல்கிறேன். இந்தக் கடிதத்தை எழுத வந்ததே அதற்காகத்தான். நம்மூர் தப்பை, அதாவது குச்சியால் அடிக்கும் தோல் பறையை, எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பவரிடம் ஒரே தாளத்தை நிறுத்தாமல் மூன்று சுற்று அடிக்கச் சொல்லுங்கள். முதல் சுற்றின் கடைசி அடி அதிர்ந்துகொண்டே இரண்டாம் சுற்றுக்குள் வந்து அடங்கும். அதனால் நடுச்சுற்றின் தொடக்கத்தில் அந்த அதிர்வு ஏற்கெனவே இருக்கிறது. மூன்று சுற்றையும் ஒரே எம்பி3யாக வைத்துக்கொண்டு, வெப் ஆடியோவில் (உலாவியில் ஒலியை இயக்கும் நிரல் வசதி) சுற்றின் தொடக்கத்தையும் முடிவையும் நடுச்சுற்றுக்குக் குறித்துவிடுங்கள். ஒட்டிக்கொண்ட அமைதி கோப்பின் இரண்டு ஓரத்திலும் கிடக்கும், யார் காதுக்கும் வராது. சுற்றுக்கு 8 விநாடி என்றால் மொத்தம் 24 விநாடி. ஒற்றைத் தடத்தில் 64 கிலோபிட் வேகத்தில் அது 192 கிலோபைட்தான்.

வெட்டும்போது கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். தப்படிப்பவர் சூடு ஏறினால் வேகமும் ஏறும். ஓடாசிட்டி என்ற ஒலி வெட்டும் மென்பொருளில் அலையைப் பெரிதாக்கி, முதல் அடி விழும் இடத்திலிருந்து அடுத்த சுற்றின் முதல் அடி விழும் இடம் வரை குறியுங்கள். அடிக்கு ஒரு மயிரிழை முன்னால், அலை நடுக்கோட்டைத் தொடும் புள்ளியில் வெட்டினால் ‘டிக்’ என்ற சத்தம் வராது. இன்னொன்று, நம் ஈரக் குளிரில் தோல் சீக்கிரம் தொய்ந்துவிடும். நெருப்பில் காய்ச்சி எடுத்த கையோடு பதிவு செய்யுங்கள். மலிவான போனின் ஸ்பீக்கரில் அடிநாதம் வராது. நீளக் குச்சியின் ‘கிண்’ மட்டும்தான் வரும். அதை நம்பியே அமையுங்கள்.

மழைக்கு வேறு கணக்கு. தகரக் கூரையில் விழும் மழையில் தாளம் இல்லை, ஆகவே முடிவைத் தொடக்கத்தின்மேல் மெதுவாகக் கரைத்துவிடலாம். ஆனால் நடுவில் ஒரு காக்கை கத்தியிருந்தால் போச்சு. அந்தக் காக்கை திரும்பத் திரும்ப அதே இடத்தில் கத்தும், பிள்ளை பாடத்தை விட்டுவிட்டுக் காக்கையை எண்ணும்.

‘சாவுக்கு அடிக்கிற தப்பைப் பாடத்தில் போடுவதா’ என்று உங்களில் சிலர் முகம் சுளிக்கலாம். அந்தச் சுளிப்பு எங்கிருந்து வருகிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு காலத்தில் தோட்டத்தைப் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கூட்டிப் பெயர் பதிவதற்கு, எழுப்பியதும் தப்புதான், மாசியில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தை நடத்திவைப்பதும் அதே தப்புதான். பின்னம் படிக்கிற பிள்ளைக்கு நாலடித் தாளத்தை விடப் பொருத்தமான இசை எனக்குத் தோன்றவில்லை. ஒன்று மட்டும்: அடித்தவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள், கையில் ஏதாவது கொடுங்கள், படத்தின் முடிவில் பெயரைப் போடுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலைகளையும் பாதுகாப்புக்குள் கொண்டுவருகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்டுப் போடுவதுதான் மரியாதை. சினிமாப் பாட்டை வெட்டி ஒட்டும் வேலை வேண்டவே வேண்டாம்.

அப்புறம், பக்கம் திறந்த உடனே இசை தொடங்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். உலாவிக்குள் அசைபடம் ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருளின் காலத்தில் அது நடந்தது. ஃபிளாஷ் 2020 முடிவோடு போய்விட்டது, குரோம் அதற்கு முன்பே, 2018இல், பயனர் தொடாமல் சத்தம் எழுப்புவதைத் தடுக்கத் தொடங்கிவிட்டது. அதைச் சுற்றிவளைக்க வழி தேடுவதைவிட ‘தொடங்கு’ என்று ஒரு பெரிய பொத்தானை வையுங்கள். இசையை மட்டும் நிறுத்த இன்னொன்று. லயத்தில் ஒரே காம்பராவில் (அறையில்) ஒருவர் படிக்க, ஒருவர் வேலை முடிந்து வந்து தூங்குவார்.

டீச்சர் பேசும் இடங்களில் இசை குறைந்தது 20 டெசிபெல் கீழே இருக்கட்டும்; இணைய அணுகல் வழிகாட்டிகள் சொல்வதும் அந்த அளவுதான். பிள்ளை வட்ஸ்அப் பார்க்கப் போனால் படம் நின்றுவிடும், இசை ஓடிக்கொண்டே இருக்கும். பக்கம் மறைந்ததும் ஒலியை நிறுத்த இரண்டு வரி நிரல் போதும், சேர்த்துவிடுங்கள்.

அடுத்த மாசிக்குள் ஒரு வேலை செய்யலாமா? மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை, பண்டாரவளை என்று உங்களில் யார் எந்தப் பக்கம் இருக்கிறீர்களோ, அந்தப் பக்கத்துக் கூத்துக்காரர்களிடம் அனுமதி வாங்கி, ஆளுக்கு மூன்று தாளம் பதிவு செய்யுங்கள். சத்தத்தைச் சுத்தம் செய்து, சுற்றுப் புள்ளி குறித்து, எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி ஓரிடத்தில் போட்டுவைக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். காசு வேண்டாம், தப்படிப்பவருக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஹட்டனில் ஒலிப்பதிவு வேலை பார்க்கும் ஒருவன்