ரகுவுக்கு, கைப்பிடி விஷயமாக

அன்புள்ள ரகு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. தாமதத்துக்குப் பாதிக் காரணம் சோம்பல். மீதிப் பாதி, நீ கேட்ட கேள்விக்கு நானே இப்போதுதான் விடை கண்டுபிடித்திருக்கிறேன். மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். முதல் சம்பளத்திலேயே அப்பாவுக்கு விஆர் ஹெட்செட், கண்ணில் மாட்டினால் கற்பனை உலகுக்குள்ளேயே நிற்க வைக்கும் கருவி! என் வீட்டில் நானே வாங்கி, நானே ஒரு மாதம் காரணமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி, அதோடு வரும், கையில் பிடித்து ஆடும் கண்ட்ரோலருக்கு எந்தப் பிடி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். நான் கோட்டை விட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

என் ஹெட்செட் மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 2. கண்ட்ரோலர் கீழே விழுந்து உடைந்துவிடுமோ என்ற பயத்தில், தலை முதல் கால் வரை மூடும் தடிமனான சிலிகான் உறை ஒன்றை முதலில் வாங்கினேன். மாட்டிக்கொண்டு, பாட்டின் தாளத்துக்கு வாளால் கட்டைகளை வெட்டும் பீட் சேபர் விளையாட்டை ஆடினால், பாட்டின் நடுவில் வலது வாள் மட்டும் தனியாகப் பறந்து அறை மூலையில் போய் நின்றது. ஹெட்செட் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். கெட்டது ஒன்றுமில்லை. அந்தக் கண்ட்ரோலரின் வளையத்துக்குள் அகச்சிவப்பு விளக்குகள் இருக்கின்றன. நம் கண்ணுக்குத் தெரியாது, ஹெட்செட்டின் கேமராக்களுக்குத் தெரியும். அவற்றைப் பார்த்துத்தான் கை எங்கே என்று அது கணக்குப் போடுகிறது. என் உறை அவற்றில் சிலவற்றை மூடிவிட்டது. கழற்றியதும் வாள் கைக்குத் திரும்பி வந்தது.

உன் குவெஸ்ட் 3 கண்ட்ரோலரில் வளையமே கிடையாது. விளக்குகள் அதன் உடம்பிலேயே ஒளிந்திருக்கின்றன. அதனால் வளையத்துக்கு உறை தேடாதே. பொத்தான்கள் இருக்கும் முகப்பு மூடாமல் இருக்கிறதா என்று பார். கட்டைவிரல் பொத்தான்மேல் இருப்பதை, அழுத்தாமலே உணரும் வேலையும் அங்கேதான் நடக்கிறது. தடித்த உறை அதையும் குழப்பலாம்.

அடுத்த கதை வலியைப் பற்றியது. மூன்று மாதமாக முன்கை வலித்துக்கொண்டிருந்தது. வயதாகிவிட்டது என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன். ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் கையைக் கவனித்தேன்: ஆணியை இறுக்கிப் பிடிப்பது போலப் பிடித்திருந்தேன். கண்ட்ரோலர் நழுவிப் பறந்துவிடும் என்ற பயம் எனக்குத் தெரியாமலே விரல்களுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. புறங்கையைச் சுற்றி வரும் பட்டை ஒன்று வாங்கினேன். அதை மாட்டிய பிறகு ஐந்து விரல்களையும் விரித்தாலும் கண்ட்ரோலர் உள்ளங்கையிலேயே நிற்கும். இரண்டு வாரத்தில் வலி போனது. ஒரே ஒரு பொருள்தான் வாங்குவாய் என்றால் இதை வாங்கு. வால்வ் நிறுவனத்தின் இண்டெக்ஸ் கண்ட்ரோலர் 2019இல் வந்தபோதே இப்படிப் பட்டையோடுதான் வந்தது. அதில் பந்தை எறிய வேண்டுமென்றால் நிஜமாகவே விரலைத் திறக்கலாம்.

பட்டையை எவ்வளவு இறுக்குவது? விரல் மரத்துப்போகிற அளவுக்கு வேண்டாம், கையைக் கீழே தொங்கவிட்டு ஆட்டினால் அசையாமல் இருந்தால் போதும். பட்டை வந்துவிட்டதே என்று மணிக்கட்டுக் கயிற்றைக் கழற்றிவிடாதே. வெல்க்ரோ நாளடைவில் பிடியை இழக்கும். என் புத்தக அலமாரியில் இருக்கும் ஒரு வடு அதற்குச் சாட்சி.

உன் கை விஷயம் வேறு இருக்கிறது. முறம் மாதிரி கை உனக்கு! என் சின்னக் கைக்கோ, உறை போட்டதும் ஆள்காட்டி விரலால் இழுக்கும் டிரிக்கரை எட்டவே சிரமமாகிவிட்டது. உனக்குக் கொஞ்சம் பருமனான உறைதான் சுகமாக இருக்கும். வழவழப்பானது வேர்வையில் வழுக்கும், சொரசொரப்பானதாகப் பார். ஆடி முடித்ததும் கழற்றித் துடைத்துக் காயவை, உள்ளே ஈரம் தங்கும். பேட்டரி மூடியைத் திறக்க உறையிலேயே வழி விட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். ஒவ்வொரு கண்ட்ரோலருக்கும் ஒரு ஏஏ பேட்டரி. அதை மாற்ற ஒவ்வொரு முறையும் மொத்தத்தையும் உரித்தெடுக்க நேர்ந்தால் வெறுத்துப்போய்விடும்.

இப்போது முக்கியமான விஷயம். டேபிள் டென்னிஸ் ஆடலாம் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்குக் கை துறுதுறுக்கிறது. கண்ட்ரோலரைப் பொருத்திக்கொள்ளும் மட்டை வடிவ அடாப்டர் கிடைக்கிறது. மரப்பிடியைப் பிடித்த உணர்வு அப்படியே வருகிறது, ஆனால் கண்ட்ரோலரின் எடையும் சேர்ந்துகொள்வதால் நிஜ மட்டையைவிடக் கனம். முதல் வாரம் அரை மணிக்கு மேல் ஆடாதே. மாட்டியதும் விளையாட்டின் அமைப்புகளுக்குப் போய் மட்டையின் கோணத்தையும் இடத்தையும் சரிசெய்ய வேண்டும். நான் அதைச் செய்யாமல் ஆடி, அடித்த பந்தெல்லாம் வலையில் விழ, மட்டையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

உனக்கு இன்னொரு சிக்கல். நீ பேனா பிடிப்பது போல மட்டையைப் பிடிப்பவன். பெரும்பாலான அடாப்டர்கள் என்னைப் போலக் கைகுலுக்கும் பிடிக்காரர்களுக்குச் செய்தவை. படத்தைப் பார்த்து மயங்காமல், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எங்கே போய் உட்காரும் என்று யோசித்துவிட்டு வாங்கு. இடது கைக்கு அடாப்டர் வேண்டாம். அது பந்தைத் தூக்கிப் போடத்தான், பட்டையே போதும்.

கல்லூரியில் கடைசியாக ஆடிய ஆட்டத்தில் 19–20இல் மின்சாரம் போனது நினைவிருக்கிறதா? நீ ஜெயித்ததாக இன்றுவரை சொல்லித் திரிகிறாய் என்று கேள்வி. அது பாதியில் நின்ற ஆட்டம். அடாப்டர் கைக்கு வந்ததும் எழுது, ஞாயிறு காலை எனக்குத் தோது. சர்வீஸ் என்னுடையது.

உன்,
முரளி