2024ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை: மூன்று அணிகளும் ஒரே கொட்டகையில்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

டெட்ராய்ட் வட்டாரத் தமிழர்களாகிய நாம் பழைய அமெரிக்கக் கார்களுக்காக நடத்திவரும் இந்தச் சங்கத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். கொட்டகையில் நடந்த வேலை, அதில் தெரிந்துகொண்டது, அடுத்த ஆண்டுக்கு வேண்டியது ஆகியவற்றை மட்டும் நான் சொல்கிறேன்.

நம் மூன்று அணிகள் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே, மோப்பார் (டாட்ஜ் உள்ளிட்ட கிரைஸ்லர் கார்களின் செல்லப்பெயர்). இந்த ஆண்டு ஃபோர்டு அணியின் குரல் ஓங்கியே இருந்தது. காரணம் எல்லோருக்கும் தெரியும். 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான மஸ்டாங்குக்கு இது 60ஆவது ஆண்டு. அதன் போட்டிக் கார்களில், செவர்லே காமரோவின் உற்பத்தி லான்சிங்கிலும், டாட்ஜ் சாலஞ்சரின் உற்பத்தி கனடாவின் பிராம்ப்டனிலும் 2023 டிசம்பரிலேயே நின்றுவிட்டன. காமரோ வந்த 1966இல் அது என்ன என்று கேட்ட நிருபர்களிடம், ‘மஸ்டாங்குகளைத் தின்னும் மூர்க்கமான சிறு விலங்கு’ என்று செவர்லேக்காரர்கள் சொன்னதை ஃபோர்டு அணி இந்த ஆண்டு முழுக்க நினைவூட்டிக்கொண்டே இருந்தது. மற்ற இரு அணிகளும் அதைப் பொறுத்துக்கொண்டன. அந்தப் பெருந்தன்மையை இங்கே பதிவு செய்கிறேன்.

ஜனவரி மாத வரலாற்றுக் கூட்டத்தில் எழுந்த ஒரு பேச்சுதான் ஆண்டின் போக்கையே மாற்றியது. இந்தக் கம்பெனிகளின் சண்டை பங்காளிச் சண்டை. சொல்லின் நேர்ப்பொருளிலேயே அப்படித்தான். 1903இல் ஃபோர்டு தொடங்கியபோது எஞ்சினும் கியர்பாக்ஸும் செய்து கொடுத்தவர்கள் டாட்ஜ் சகோதரர்கள். ஃபோர்டு கம்பெனியில் பத்து சதவீதப் பங்கு அவர்களுடையது. 1914இல் சொந்தக் காரை இறக்கினார்கள், 1916இல் ஃபோர்டு மேலேயே வழக்குப் போட்டார்கள், 1919இல் இரண்டரைக் கோடி டாலருக்குத் தங்கள் பங்கை விற்றுவிட்டு வெளியேறினார்கள். கிரைஸ்லர் கம்பெனியைத் தொடங்கிய வால்டர் கிரைஸ்லர் அதற்கு முன் ஜெனரல் மோட்டார்ஸின் பியூக் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். ஹாம்ட்ராம்க்கில் டாட்ஜின் பெரிய தொழிற்சாலை இருந்த மண்ணில் இப்போது நிற்பது ஜெனரல் மோட்டார்ஸின் தொழிற்சாலை.

அன்று காட்டிய இன்னொரு கணக்கு பல உறுப்பினர்களுக்குப் புதிது. டிரான்ஸ்-ஆம் என்ற அமெரிக்கக் கார்ப் பந்தயத் தொடரில் எஞ்சின் 5 லிட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது அன்றைய விதி. அந்த வரம்புக்குள் செவர்லே தன் 327 கன அங்குல எஞ்சினின் பிளாக்கில் 283 எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட்டைப் போட்டு 302 கன அங்குல எஞ்சினைக் காமரோ இசட்/28இல் வைத்தது. ஃபோர்டின் பாஸ் 302உம் அதே 302தான். போர் (சிலிண்டரின் விட்டம்) 4.00 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 3.00 அங்குலம், இரண்டுக்கும் ஒரே அளவு. 1968, 1969 பட்டங்கள் செவர்லேக்கு, 1970 ஃபோர்டுக்கு. எதிரெதிரே நின்ற இரண்டு எஞ்சின்களுக்கும் அளவு ஒன்றே என்றால், எதிரணி எஞ்சினைத் தொட்டுப் பார்க்காமலே நாம் பேசிக்கொண்டிருப்பது சரியா என்று கேள்வி எழுந்தது. அதன் விளைவாக வந்ததுதான் ஜூன் மாத மாற்று அணி டியூன்-அப்.

விதி எளிது. சீட்டுக் குலுக்கி, ஒவ்வோர் அணியும் வேறோர் அணியின் வண்டிக்கு சி.பி. பாயின்ட் (காயிலின் கரன்ட்டைத் துண்டித்து ஸ்பார்க் உண்டாக்கும் சுவிட்ச்), பிளக், வயர், டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) எல்லாம் பார்த்துக் கொடுக்க வேண்டும். வண்டிக்காரர் பக்கத்தில் நிற்கலாம். ‘நிறுத்து’ என்ற ஒரு சொல்லைத் தவிர வாய் திறக்கக் கூடாது. சர்வீஸ் மேனுவலைத் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

மூன்று வண்டிகளும் அன்றே ஸ்டார்ட் ஆயின. ஆனால் இரண்டு வண்டிகளில் முதல் முயற்சி தவறியது. இரண்டிலும் காரணம் பழக்கம். ஃபோர்டு ஸ்மால் பிளாக்கில் (சிறிய வகை வி8 எஞ்சினில்) ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி ஸ்பார்க்கை அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்னால் இருக்கும், அதனுள் உள்ள ரோட்டார் இடஞ்சுழியாகச் சுற்றும். செவர்லே ஸ்மால் பிளாக்கிலும் மோப்பாரின் 318, 340, 360 எஞ்சின்களிலும் அது பின்னால், ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தடுப்பு) ஓரம் இருக்கும், வலஞ்சுழியாகச் சுற்றும். மோப்பாரின் 383, 440 போன்ற பெரிய பிளாக்குகளில் மறுபடியும் முன்னால், இடஞ்சுழி. செவர்லேயில் வேலை செய்த ஃபோர்டு அணி, ஃபயரிங் ஆர்டரை (சிலிண்டர்கள் எரியும் வரிசையை) சரியாகவே படித்து, வயர்களைக் கை போன போக்கில் இடஞ்சுழியாகச் செருகியது. செல்ஃப் அடித்ததும் கார்புரேட்டர் வழியே பட்டாசு வெடித்தது. ஏர் கிளீனரை மாட்டியிருந்ததால் தீ வெளியே வரவில்லை. மூடாத கார்புரேட்டரின் மேல் முகத்தை வைத்துப் பார்க்கும் வழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சிலிண்டர் எண்ணும் அப்படித்தான். செவர்லேயிலும் மோப்பாரிலும் ஓட்டுநர் பக்கம் 1-3-5-7, மறுபக்கம் 2-4-6-8. ஃபோர்டில் பயணி பக்கம் முன்னிருந்து பின்னாக 1-2-3-4, ஓட்டுநர் பக்கம் 5-6-7-8. ஃபயரிங் ஆர்டர் செவர்லேக்கும் மோப்பாருக்கும் 1-8-4-3-6-5-7-2. ஃபோர்டு 289க்கும் பழைய 302க்கும் 1-5-4-2-6-3-7-8. 351 விண்ட்சருக்கு 1-3-7-2-6-5-4-8. 1982 முதல் வந்த 5.0 ஹெச்.ஓ. எஞ்சினுக்கும் இந்த 351 வரிசைதான். பழைய 302இல் யாரோ கேம் ஷாஃப்ட்டை (வால்வுகளைத் திறக்கும் தண்டை) மாற்றியிருந்தால் வரிசையும் மாறியிருக்கும். மேனுவலை நம்பி வயர் மாட்டினால் நான்கு சிலிண்டர் மட்டும் வேலை செய்து வண்டி குலுங்கும். எனவே வாங்கிய வண்டியில் வயரைக் கழற்றுமுன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த அணி வண்டியானாலும் சந்தேகம் வந்தால் இப்படிச் செய்யுங்கள். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையை விரலால் மூடிக்கொள்ளுங்கள். கிராங்க் போல்ட்டில் சாக்கெட்டைப் போட்டுக் கையால் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளும்போது மெதுவாகச் சுற்றி, கிராங்கின் முன்முனையில் உள்ள டேம்பர் சக்கரத்தின் கோட்டை 0க்குக் கொண்டுவாருங்கள். இப்போது ரோட்டார் காட்டும் முனைதான் 1. அங்கிருந்து ரோட்டார் சுற்றும் திசையில் வரிசையை எண்ணுங்கள். விரலை வைக்காமல் கோட்டை மட்டும் பார்த்தால் எக்ஸாஸ்ட் சுற்றில் ஏமாந்துவிடுவீர்கள்.

வயர் சரியாக இருந்தும் ஏற்றத்தில் மிஸ்ஸிங் அடித்தால் அடுத்தடுத்து எரியும் பக்கத்துச் சிலிண்டர்களின் வயர்களைப் பாருங்கள். செவர்லேயிலும் மோப்பாரிலும் 5உம் 7உம், பழைய 302இல் 7உம் 8உம். அவை ஒட்டியபடி நீளமாக இணையாகப் போனால், எரியும் வயரின் மின்னோட்டம் அடுத்த வயரைத் தூண்டிவிடும். அந்தச் சிலிண்டர் நேரத்துக்கு முன்பே எரிந்து பிஸ்டனைத் தாக்கும். இரண்டுக்கும் நடுவே வேறொரு வயரைச் செருகினால் போதும்.

இந்த நாளில் செவர்லேக்கு ஒரு பாராட்டு உண்டு, எல்லா அணிகளும் ஒப்புக்கொண்டது. அதன் டெல்கோ டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பில் சிறு ஜன்னல் இருக்கிறது. அதை மேலே தள்ளி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே 1/8 அங்குல ஆலன் கீயை உள்ளே விட்டு, வலஞ்சுழியாகத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். எஞ்சின் தடுமாறத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, அரைச் சுற்றுத் திரும்ப வர வேண்டும். அவ்வளவுதான், டிவெல் (பாயின்ட் மூடியிருக்கும் கோணம்) 30 டிகிரிக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஃபோர்டிலும் மோப்பாரிலும் கேப்பைக் கழற்றி, ஃபீலர் கேஜை வைத்து, பாயின்ட் இடைவெளி சுமார் 0.017 அங்குலம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எதுவானாலும் பாயின்ட் முதலில், டைமிங் பிறகு. டிவெல் ஒரு டிகிரி நகர்ந்தால் டைமிங்கும் ஏறக்குறைய ஒரு டிகிரி நகர்கிறது. டைமிங் லைட் பிடிக்கும்போது வேக்யூம் குழாயைக் கழற்றி, அதன் வாயை அடைக்க மறக்கக் கூடாது.

மோப்பார் அணி வண்டியில் பொதுப்பாடமாக அமைந்தது பேலஸ்ட் ரெசிஸ்டர். ஃபயர்வாலில் திருகி வைத்த, விரல் நீளமுள்ள வெள்ளைப் பீங்கான் துண்டு. செல்ஃப் அடிக்கும்போது காயிலுக்கு நேரடி கரன்ட் போகும், சாவியை விட்டதும் இந்த ரெசிஸ்டர் வழியாகப் போகும். உள்ளே கம்பி அறுந்துவிட்டால் அடையாளம் தெளிவு: செல்ஃபில் எஞ்சின் பிடிக்கும், சாவியை விட்ட அந்த நொடியே அணைந்துவிடும். செவர்லே நண்பர்கள் பெட்ரோல் பம்பையும் கார்புரேட்டரையும் அரை மணி நேரம் சந்தேகித்த பிறகுதான் மீட்டரை எடுத்து இதன் இரு முனைகளையும் தொட்டார்கள். முள் அசையவில்லை. பீங்கானின் பின்புறம் மயிரிழை போல ஒரு விரிசல், அதன் ஓரத்தில் கருகிய தடம். மோப்பார்காரர்கள் கையுறைப் பெட்டியில் ஒன்றை எப்போதும் வைத்திருப்பது இதற்காகத்தான். பாயின்ட் வண்டிக்கு இரண்டு முனை உள்ளது, பிந்தைய எலக்ட்ரானிக் இக்னிஷன் பலவற்றுக்கு நான்கு முனை உள்ளது. மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

எதிரணி வண்டியைத் தொடுமுன் தெரிந்திருக்க வேண்டிய இரண்டை அன்றே பலகையில் எழுதி மாட்டினோம். ஒன்று, 1970 வரையிலான பல கிரைஸ்லர் வண்டிகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் எதிர்மரை, வலஞ்சுழியாகச் சுற்றினால்தான் கழலும். ஸ்டட்டின் நுனியில் எல் என்ற எழுத்து இருக்கும். பார்க்காமல் இம்பாக்ட் ரெஞ்சை வைத்தால் நட்டு இறுகி, ஸ்டட் முறியும். இரண்டு, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் பார்ப்பது. ஃபோர்டிலும் செவர்லேயிலும் எஞ்சின் ஓட பார்க்கில் வைத்துப் பார்க்கிறோம். மோப்பாரின் டார்க்ஃபிளைட்டில் நியூட்ரலில்தான் பார்க்க வேண்டும். பார்க்கில் அதன் கன்வெர்ட்டருக்கு ஆயில் போகாது, அளவு தவறாகக் காட்டும். ஃபோர்டின் பழைய சி4, சி6 பெட்டிகளுக்கு டைப் எஃப் ஆயில். மற்றதை ஊற்றினால் கியர் வழுக்கலாக விழும், தகடுகள் தேயும்.

ஆகஸ்டு 17 அன்று வுட்வர்ட் ட்ரீம் க்ரூஸ், வுட்வர்ட் அவென்யூவில் நடக்கும் பழைய கார் ஊர்வலம். 1995இல் ஃபெர்ண்டேலில் கால்பந்துத் திடலுக்கு நிதி திரட்டத் தொடங்கியது, ஆகஸ்டின் மூன்றாம் சனிக்கிழமை நடக்கிறது. நம் வண்டிகள் அணி பிரிந்து போகாமல் ஃபோர்டு, செவர்லே, மோப்பார் என்று மாறி மாறி ஒரே வரிசையில் சென்றது இதுவே முதல்முறை. அன்று எதிரி வெயிலும் ஊர்ந்து போகும் நெரிசலும்தான். நிற்கும் வண்டிக்கு ரேடியேட்டர் காற்று ஃபேன் மூலம் மட்டுமே வருகிறது. அதனால் ஷ்ரௌடு (ஃபேனைச் சுற்றியுள்ள காற்றுக் கூடு) இல்லாத வண்டியை வரிசையில் சேர்க்கவில்லை. ஃபேன் இறக்கையின் பாதி ஷ்ரௌடுக்குள்ளும் பாதி வெளியேயும் இருக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் ஒவ்வொரு பவுண்டுக்கும் கொதிநிலையைச் சுமார் 3 டிகிரி ஃபாரன்ஹீட் உயர்த்துகிறது. அழுத்தம் நிற்காத பழைய மூடி போட்ட வண்டிதான் முதலில் கொதிக்கும். மூடியைச் சோதித்துப் பார்த்ததில் மூன்று அணிகளிலும் மாற்ற வேண்டியவை இருந்தன. எத்தனால் கலந்த பெட்ரோல் எளிதில் ஆவியாகும் என்பதால், நிறுத்திய சூட்டில் மறுபடி ஸ்டார்ட் ஆகாத வண்டிகளுக்குக் கார்புரேட்டர் அடியில் வெப்பம் கடத்தாத ஸ்பேசர் நல்ல மருந்து. அரை அங்குலம் உயர்வதால் பானட்டில் இடிக்கிறதா என்று களிமண் உருண்டை வைத்து முதலில் பாருங்கள்.

செப்டம்பரில் கால் மைல் ஓட்டம். இதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வேகத்தை ஒப்பிட்டால் பணம் ஜெயிக்கும் என்பதால் பிராக்கெட் முறையில் நடத்தினோம். ஒருவர் 14.20 விநாடி, மற்றவர் 15.05 என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால், மெதுவான வண்டிக்கு 0.85 விநாடி முன்னதாகவே பச்சை விளக்கு எரியும். தான் எழுதியதைவிட வேகமாக ஓடினால் தோல்வி. இருவருமே மீறினால் குறைவாக மீறியவருக்கு வெற்றி. சாதாரண 318 வைத்த குடும்ப வண்டி, பெரிய எஞ்சின் வண்டியை வென்றதைக் குழந்தைகள் இன்னும் பேசுகிறார்கள்.

கேலி பற்றி வந்த ஒரு புகாரையும் செயற்குழு எடுத்துப் பேசியது. ஃபோர்டின் பெயரை ‘ஃபவுண்ட் ஆன் ரோட் டெட்’ (சாலையில் செத்துக் கிடந்தது) என்று விரிப்பது இந்த ஊரின் பழைய வேடிக்கை, மற்ற அணிகளுக்கும் அதுபோல உண்டு. அவற்றை நிறுத்தச் சொல்லவில்லை. சாலையோரம் நின்றுவிட்ட வண்டியின் பக்கத்தில் மட்டும் அதைச் சொல்லக் கூடாது என்பது முடிவு. அங்கே முதலில் டூல் பெட்டி திறக்க வேண்டும்.

2025க்குச் செயற்குழு கேட்டுக்கொள்வது: மாற்று அணி நாள் தொடரும், இம்முறை பிரேக் வேலையோடு. சங்கப் பெட்டிக்கு இரண்டு முனை, நான்கு முனை பேலஸ்ட் ரெசிஸ்டர் தலா ஒன்று, டெல்கோ பாயின்ட் ஒரு ஜோடி, டைப் எஃப் ஆயில் நான்கு குவார்ட், ரேடியேட்டர் மூடி சோதிக்கும் பம்ப் ஒன்று வாங்க ஒப்புதல் வேண்டுகிறேன். பதிவுப் படிவத்தில் ‘மஸ்டாங்’, ‘காமரோ’ என்று மட்டும் எழுதி அனுப்புகிறார்கள். ஆண்டு, எஞ்சினின் கன அங்குலம், கேம் மாற்றியிருந்தால் அதன் ஃபயரிங் ஆர்டர், கியர்பாக்ஸ் வகை, இடப்பக்க ஸ்டட் எந்த மரை என்ற ஐந்தையும் கட்டாயம் நிரப்பி மார்ச் மாதக் கூட்டத்துக்குள் கொடுத்துவிடுங்கள். உங்கள் வண்டியில் கை வைக்கப் போவது எதிரணி.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்